முள் நடுவில்தான் இருக்கிறது

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது லைசென்ஸ் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆற்றின் இரண்டு கரையிலும் அவர் நெளிவுதான். "நெளிவு வந்தாச்சு, ஏறுங்க" என்றால் ஊருக்கே புரியும்.

வயது ஐம்பத்து நாலு. தட்டைப் பாதம். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்வு. இருபத்திரண்டு வருஷம் ஒரே சக்கரத்தைப் பிடித்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். தினம் பத்து தடவை தோளைச் சுழற்றினால் சரியாகிவிடும் என்று மனைவி சொல்கிறாள். அவர் செய்வதில்லை.

உண்மையில் அவர் படகு ஓட்ட வந்தவரே இல்லை. பெயின்ட் அடிக்க வந்தவர். அன்று பழைய டிரைவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். "ஒரு நிமிஷம் இந்தச் சக்கரத்தைப் பிடிப்பா" என்று யாரோ சொன்னார்கள். பிடித்தார். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. படகு ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட்டோடு நாலு வருஷம் ஓடியது.

அந்தப் படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. ஒன்று ஆஸ்பத்திரிக் கரையைப் பார்க்கும், இன்னொன்று மார்க்கெட் கரையைப் பார்க்கும். கரை சேர்ந்ததும் படகைத் திருப்புகிற வேலையே இல்லை. டிரைவர்தான் திரும்புவார். ஒவ்வொரு முனையிலும் ஒரு சுக்கான். போகும் திசைக்குப் பின்னால் இருக்கும் சுக்கான் வேலை செய்யும். முன்னால் இருப்பதை இரும்பு ஆணி போட்டு அசையாமல் பூட்டிவிட வேண்டும். கரைக்குக் கரை நெளிவு இறங்கிப் போய் ஓர் ஆணியைச் செருகுவார், மற்ற ஆணியைப் பிடுங்குவார், டிரைவர் கூண்டுக்குள் வந்து, சக்கரத்தை மற்றச் சுக்கானோடு சேர்க்கும் லீவரைத் தள்ளி, சக்கரத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் நின்றுகொள்வார். ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு முறை. அவருக்குச் சர்க்கரை நோய் வராததற்கு இதுதான் காரணம்.

படகு நேராகப் போகாது. அதுதான் பட்டப் பெயருக்குக் காரணம். கரையை விட்டதும் நீரோட்டத்துக்கு எதிராக மேலே ஏறும், நடு ஆற்றில் நீரோட்டத்தோடு கீழே இறங்கும், மறுபடி மேலே வளைந்து கரையைத் தொடும். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "தண்ணி தள்ளுது" என்பார். அதற்கு மேல் கேட்டால், "ரொம்பத் தள்ளுது" என்பார்.

புகாரைக் கிளப்பியவர் முட்டைக்காரர். தினம் முப்பது அட்டை முட்டையை மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறவர். படகு வளையும்போதெல்லாம் அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். "குழந்தைங்களைக்கூட நான் இப்படிக் கட்டிப்பிடிச்சதில்ல" என்று படகுக் கமிட்டித் தலைவரிடம் முறையிட்டார்.

தலைவர் முன்னாள் கணக்கு வாத்தியார். வளைவு என்றாலே அவருக்குப் பிடிக்காது. "இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் எது?" என்று நெளிவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பாலம் சார்" என்றார் நெளிவு.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் மீட்டர் வாங்குவது என்று கமிட்டி முடிவெடுத்தது. சுக்கான் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு முள் காட்டுமாம். ஒரு வாரம் வாத்தியாரே கூட உட்கார்ந்து குறித்துக்கொள்வார். முள் அடங்கி நடந்தால் நெளிவு டிரைவராகத் தொடரலாம். ஆடினால் டிக்கெட் அறைக்கு மாற்றம்.

இந்த டிக்கெட் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலடிக்கு ஐந்தடி. ஒரே ஜன்னல். அதை ஆள்கிறவர் நெளிவின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பதினைந்து வருஷமாகப் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறார், ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஓயாமல் நகம் வெட்டுவார். வெட்டிய நகம் எங்கே விழுந்தது என்று தேடமாட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏப்பம் விட்டு, அது எதனால் வந்தது என்று விளக்கமும் சொல்வார். அந்த அறைக்குள் இன்னொரு ஸ்டூல் போட்டால் இருவர் முழங்காலும் முட்டும். ஓய்வு பெறும்வரை நாள் முழுக்க மச்சானோடு முழங்கால் முட்டி உட்கார்வதா?

மச்சானுக்கோ ஒரே குஷி. "வா மாப்ளே, வா. ஸ்டூலுக்கு மெத்தை தச்சு வைக்கவா?"

"தைங்க மச்சான். நீங்களே ரெண்டு மெத்தையிலயும் உட்காருங்க."

மீட்டரைப் பொருத்த ஒயர் அக்கா வந்தாள். அக்கரை இக்கரை இரண்டிலும் மோட்டார், ஃபேன், மிக்ஸி எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளங்கை அகல வட்ட முகப்பு ஒன்று. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, நடுவில் பூஜ்யம். கூடவே சுக்கானோடு இணைக்க ஒரு சென்சார்.

"சென்சார் ஒண்ணுதான் இருக்கு. சுக்கான் ரெண்டு இல்ல?" என்று கேட்டாள்.

நெளிவு அப்போது டீ வாங்கப் போயிருந்தார். பதில் சொன்னவர் மச்சான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒண்ணு போதும்க்கா. இன்னொண்ணு ஸ்பேர்" என்றார். காரில் ஸ்டெப்னி இருப்பதுபோலப் படகில் ஒரு சுக்கானை உபரியாக வைத்திருக்கிறார்கள் என்று பதினைந்து வருஷமாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். படகில் ஏறாதவர்தானே!

பதினைந்து வருஷ அனுபவஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா ஆஸ்பத்திரி முனையில் இரும்பு மூடியைத் திறந்து இறங்கினாள். சுக்கான் தண்டோடு சேர்ந்து திரும்பும் இரும்புக் கையில் ஒரு கம்பியை மாட்டி, அதைச் சென்சாரோடு சேர்த்தாள். தளத்துக்கு அடியில் ஒயர் இழுத்துக் கூண்டுவரை கொண்டு வந்தாள். முகப்பைக் கீல் வைத்த பலகையில் அடித்தாள், டிரைவர் எந்தப் பக்கம் நின்றாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

டீயோடு திரும்பிய நெளிவைச் சக்கரத்தில் நிற்க வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள். "தம்பி, சுக்கானை நேரா வை" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"வச்சாச்சு."

"முள் எங்க இருக்கு?"

"சிவப்புல, கொஞ்சமா."

கம்பியை முடுக்கினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. "இப்ப இடப்பக்கம் முழுசா திருப்பு."

நெளிவு திருப்பினார். முள் ஒய்யாரமாகப் பச்சைப் பக்கம் போய் நின்றது.

"அக்கா, இது எனக்கு எதிரா சாட்சி சொல்லுது!"

"அலறாத. ஒயரை மாத்திக் கொடுத்திருக்கேன்." இரண்டு ஒயரைக் கழற்றி இடம் மாற்றினாள். முள் சொன்ன பேச்சைக் கேட்டது. மேலே வந்து கை துடைத்துக்கொண்டு, வாத்தியார், மச்சான், நெளிவு மூன்று பேரையும் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. சுக்கான் எங்க இருக்குன்னுதான் இது காட்டும். படகு எங்க போகுதுன்னு காட்டாது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் காலை வாத்தியார் நோட்டும் பென்சிலுமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்தார். மார்க்கெட் கரைக்குப் போகும்போது முள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. வாத்தியார் குறித்துக் குறித்துப் பென்சில் முனையே உடைந்தது. நெளிவுக்கு வியர்த்துக் கொட்டியது.

திரும்பி வரும்போது ஓர் அதிசயம். ஆணி மாற்றி, லீவர் தள்ளி, பலகையைத் திருப்பிவிட்டு எதிர்ப்பக்கம் நின்றார். படகு கிளம்பியது. முள் பூஜ்யத்தில் நின்றது. நின்றது நின்றபடியே ஆஸ்பத்திரிக் கரைவரை வந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

அன்று முழுக்க இதே கதை. அடுத்த நாளும் அப்படியே. போகும்போது ஆட்டம், வரும்போது தவம்.

விளக்கம் கண்டுபிடித்தவர் மச்சான். "இதுல என்ன அதிசயம்? வீடு எந்தக் கரையில இருக்கு? ஆஸ்பத்திரிக் கரையில. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனுஷனுக்குக் குஷி, ஆடிக்கிட்டுப் போறான். திரும்பி வரும்போது என் தங்கச்சி முகம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. கை தானா நேராயிடுது."

கமிட்டியில் ஐந்து பேர். ஐவரும் கல்யாணமானவர்கள். விளக்கம் ஒரு மனதாக ஏற்கப்பட்டது.

நெளிவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரணம் எதுவாக இருந்தால் என்ன, பாதி நேரமாவது தான் நேரானவன் என்று ஒரு மிஷினே சொல்கிறதே! மூன்று நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். திரும்பி வரும் பயணங்களில் ஒற்றைக் கையால் ஓட்டினார். முட்டைக்காரரிடம், "நீங்க காலையில எங்கூட வர்றீங்க, சாயங்காலம் வாங்க, அப்பத் தெரியும் யாருன்னு" என்றார்.

"சாயங்காலம் எங்கிட்ட காலி அட்டைதான்யா இருக்கும்" என்றார் முட்டைக்காரர்.

நாலாம் நாள் ஒரு நாய் வந்து கெடுத்தது. மார்க்கெட் கரையிலிருந்து திரும்பும் வழியில், நடு ஆற்றில் அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. நெளிவு சக்கரத்தை ஒடித்துத் திருப்பினார். படகு சாய்ந்து வளைந்தது, பயணிகள் கத்தினார்கள், நாய் தப்பித்தது. முள்? பூஜ்யத்தில். அசையவே இல்லை.

நெளிவு முள்ளைப் பார்த்தார். பிறகு, போகும் திசையில், முன்முனையில், தன் கையாலேயே ஆணி போட்டுப் பூட்டியிருந்த சுக்கானைப் பார்த்தார். சென்சார் இருப்பது அதில். பூட்டி வைத்த சுக்கான் எப்படி ஆடும்? நல்லவேளையாக வாத்தியார் அந்தச் சமயம் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார், கழற்றினார். மனைவி ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருக்கிறாள். ஆள் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே என்ன நோய் என்று சொல்லிவிடுவாள்.

"எங்க வலிக்குது?"

"வலி இல்ல. மீட்டர் பொய் சொல்லுது." நடந்ததைச் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ரெண்டு கட்டில் இருக்கிற ரூம்ல ஒருத்தருக்கு மட்டும் தெர்மாமீட்டர் வச்சிட்டு, ரெண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லன்னு எழுதுற மாதிரி இருக்கு."

"அப்படியேதான்!"

"சொல்லிடுங்க."

"சொன்னா ரெண்டு பக்கமும் ஆடுதுன்னு தெரிஞ்சிடும். உங்க அண்ணன்கூட உட்கார வச்சிடுவாங்க. அவர் நகத்தை வெட்டி என் மடியிலதான் போடுவார்."

"நானும் அதே வீட்டுலதான் இருபது வருஷம் இருந்தேன். சாகல." கடைசித் துணியை மடித்து வைத்தாள். "உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல்னா வேற ஆள் ஓட்டுவான். சுக்கான் நேரா இருக்குன்னு மீட்டரை நம்பி எதுலயாவது முட்டினா, எலும்பு உடைஞ்சு எங்க வார்டுக்குத்தான் வருவாங்க. எங்களுக்கு இருக்கிற கட்டிலே போதல. சொல்லிடுங்க. சாப்பிட வாங்க."

மறுநாள் காலை கமிட்டி முன்னால் போய்ச் சொன்னார். உண்மை சொன்னதற்குப் பாராட்டு வரும் என்று மனதின் ஓரத்தில் ஒரு சபலம் இருந்தது. வாத்தியார், "அப்போ நான் குறிச்ச மூணு நோட்டுல ஒண்ணரை நோட்டு வீணா?" என்று மட்டும் கேட்டார்.

ஒயர் அக்கா மறுபடி வந்தாள். முதல் வேலையாக டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். "ஸ்பேரா? உன் தலைக்கு ஒரு ஸ்பேர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இன்னொரு சென்சார் வந்தது. மார்க்கெட் முனைச் சுக்கானிலும் கம்பி மாட்டினாள். சக்கரத்தின் லீவரிலேயே ஒரு சுவிட்சைச் சேர்த்துவிட்டாள், லீவர் எந்தச் சுக்கானைப் பிடிக்கிறதோ அதையே முள்ளும் காட்டும்.

ஞாயிறு காலை இறுதிப் பரீட்சை. நெளிவு மார்க்கெட் கரைக்குப் போனார், திரும்பி வந்தார். வாத்தியார் கூட்டிப் பார்த்தார். போகும்போது சிவப்பு இருபத்தொன்று, பச்சை பத்தொன்பது. வரும்போது சிவப்பு இருபது, பச்சை இருபத்திரண்டு.

"ரெண்டு பக்கமும் சமமாத்தான் ஆடுறாரு. அதுல குறை சொல்ல முடியாது" என்றார் வாத்தியார். "ஆனா ஆட்டம் ஆட்டம்தானே. திங்கட்கிழமையிலிருந்து டிக்கெட் அறை."

"அப்ப யார் சார் ஓட்டுறது?" என்றார் முட்டைக்காரர். அவருடைய முப்பது அட்டையும் படகில் ஏறியாகிவிட்டது.

"மீட்டர் இருக்கும்போது யாரும் ஓட்டலாம்" என்று குரல் கேட்டது. மச்சான். டிக்கெட் அறையைப் பூட்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு, பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகப் படகில் கால் வைத்தார். "முள்ளை நடுவுல வச்சா முடிஞ்சது. இதுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸா? தள்ளு மாப்ளே."

நெளிவு வாத்தியாரைப் பார்த்தார். நேர்க்கோடு ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடும் ஆசை வாத்தியாரின் முகத்தில் பளபளத்தது. "ஒரே ஒரு தடவை ஓட்டட்டுமே" என்றார். நெளிவு ஆணிகளைச் சரிபார்த்து, லீவரைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, பயணிகள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சு எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மச்சான் இன்ஜினை முடுக்கினார். சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்றார். முட்டைக்காரர் அடுக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாத்தியார் நோட்டில் 'பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

படகு பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பதை முதலில் கவனித்தவர் நெளிவு. பாதத்தில் தெரிந்தது. தண்ணீர் தள்ளியது. நடு ஆற்றில் ரொம்பத் தள்ளியது. கீழே சேற்றுத் திட்டும் நாணல் புதரும் இவர்களைப் பார்த்து வர ஆரம்பித்தன.

"மச்சான், தண்ணி இழுக்குது. மேலே ஏத்துங்க."

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு, படிக்கத் தெரியாதா?"

"மச்சான், திட்டு!"

"திட்டறதா இருந்தா கரைக்குப் போய்த் திட்டு. முள் நடுவுலதான் இருக்கு!"

"மார்க்கெட்டு அங்க இருக்குதுய்யா!" என்று ஒரு கிழவர் குடையால் வேறு திசையைக் காட்டினார்.

"முள் நடுவுலதான் இருக்கு!" என்றார் மச்சான். சொல்லி முடிப்பதற்குள் நாணல் கூண்டின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் மூக்கைத் தடவியது. படகு சேற்றில் பாதி ஏறி, பெருமூச்சு விட்டு நின்றது. சேறு வெண்ணெய் மாதிரி இருந்ததால் ஒரு முட்டைகூட உடையவில்லை. இவ்வளவு பதமான பயணம் வாழ்க்கையில் போனதில்லை என்று முட்டைக்காரரே ஒப்புக்கொண்டார். ஆனால் மார்க்கெட் எங்கே என்று கேட்டார்.

முள் அப்போதும் நடுவில்தான் இருந்தது.

வாத்தியார் நோட்டைப் பார்த்தார். கடந்து வந்த தண்ணீரைப் பார்த்தார். "ஒரு தப்பும் இல்லாம எப்படி இங்க வந்தோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"சார், வண்டி நேரா இருந்தா போதுமா? ரோடே நகருதே" என்றார் நெளிவு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன மிக நீளமான விளக்கம் அதுதான். வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு 'ஓடும் ஆற்றில் ஒரு படகு' என்று கணக்கு எழுதிப் போட்டவர், முதல் முறையாக ஒன்றின் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டூல் வேண்டாம்" என்றார் மெதுவாக. "நீங்களே ஓட்டுங்க. ஆனா இப்ப எப்படி வெளியே போறது?"

நெளிவு எழுந்தார். முப்பத்தோரு பயணிகளையும் ஆஸ்பத்திரி முனைப் பக்கம் நகர்ந்து நிற்கச் சொன்னார். சேற்றில் புதைந்த முனை கொஞ்சம் எழும்பியது. அங்கே ஆணியைப் போட்டார், இங்கே பிடுங்கினார். "மச்சான், கொஞ்சம் நகருங்க" என்றார். மச்சான் சக்கரத்தை விடவில்லை, விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. தன் மனைவி நோயாளிகளின் கையிலிருந்து கட்டில் கம்பியை விடுவிப்பது போல, நெளிவு சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

பிறகு லீவரைத் தள்ளி, சக்கரத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் நின்றார். படகு வந்த வழியே வழுக்கிக்கொண்டு இறங்கி ஆற்றைச் சேர்ந்தது. மேலே ஏறியது, கீழே இறங்கியது, வளைந்தது. முள் சிவப்புக்கும் பச்சைக்குமாகத் துள்ளியது. வாத்தியார் எழுதவில்லை. முட்டைக்காரர் அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, கிளம்பிய அதே ஆஸ்பத்திரிக் கரையில் வந்து நின்றார்கள். காத்திருந்த கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

"நாணலைப் பார்த்துட்டு வர்றீங்களா?" என்றாள் கரையில் ஒருத்தி.

மச்சான் முதல் ஆளாக இறங்கி, டிக்கெட் அறையின் பூட்டைத் திறந்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். வாத்தியார் நெளிவின் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமி, ஏதோ பெரிதாகச் சொல்லத் தயாரானார்.

"சார், ஒண்ணு இறங்குங்க, இல்ல உள்ளே போய் உட்காருங்க" என்றார் நெளிவு, ஆணியைக் குனிந்து பிடுங்கியபடி. "இவங்களை முதல்ல மார்க்கெட்ல விடணும்."